ஓரத்தில் வைத்த பொட்டு

என் மச்சானே, சண்டைக்காரா, கணேசா,

சுகமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத்தின் முடிவு வந்துவிட்டது. கெம்பஸ் கன்டீனில் அத்தனை பேர் பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது மேசையில் ஓங்கி அடித்து நீ கட்டிய பந்தயம் அது. ஊரறியக் கட்டியதற்கு ஊரறியத்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைக்காமல், எல்லோரும் படிக்கிற இடத்தில் வைக்கிறேன்.

யார் ஜெயித்தது என்று இப்போதே சொல்ல மாட்டேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் என்னை எத்தனை தடவை நிற்க வைத்திருக்கிறாய்? "இந்தா வந்துட்டேன் மச்சான், வழியில நிக்கிறேன்" என்று சொல்லும்போது குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். நீயும் கொஞ்சம் காத்திரு.

படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரிய வேண்டும் அல்லவா? நீ லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான் பூனாகலை. நீ பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற வீட்டுப் பிள்ளை, நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம், கெம்பஸ் ஆய்வுகூடத்தில், அதுதான் நம் லெப்பில், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். பிறகு உன் தங்கை அமுதாவை நான் கட்டிக்கொண்டேன். இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது நடுவில் நின்று பேசியவன் நீ.

கல்யாணத்தன்று மைக்கைப் பிடுங்கி நீ பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க லெப்புல செம்பையும் நியோபியத்தையும் ஒட்டுறோம். ரெண்டும் ஜென்மத்துக்கும் கலக்காது. ஆனா ஒருக்கா ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்க ஏலாது. என் தங்கச்சி நியோபியம். இந்த அந்தோனி செம்பு, லேசா வளைஞ்சு குடுப்பான்." என் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். அன்றிலிருந்து அமுதாவிடம் நான் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு தடவையும் நீ என்னைச் "செம்பு" என்றுதான் கூப்பிட்டாய்.

நாம் செய்த வேலையைக் கேட்டால் சமையல் போல இருக்கும். செம்புத் தகடு ஒன்று, நியோபியம் என்ற சாம்பல் நிற உலோகத்தின் தகடு ஒன்று. இரண்டையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உருளை மெஷினுக்குள் விட வேண்டும். தடிமன் பாதியாகி, ஒட்டிக்கொண்டு மறுபக்கம் வரும். அதை இரண்டாக வெட்டி, மறுபடி தேய்த்து, மறுபடி அடுக்கி, மறுபடி உருட்ட வேண்டும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். தகடு அதே தடிமனில் இருக்கும், உள்ளே அடுக்கு மட்டும் பெருகிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு தலைமயிர் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கான அடுக்குகள் வந்துவிடும். ஒவ்வொரு அடுக்கும் சில பத்து நானோமீட்டர். தலைமயிரை எண்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் வரும்.

இவ்வளவு மெலிதாக்கினால் என்ன கிடைக்கும்? பலம் கிடைக்கும். உலோகம் வளையும்போது உள்ளே அணு வரிசைகள் வழுக்குகின்றன. பெரிய பாயை இழுக்க முடியாவிட்டால் ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி அந்தச் சுருக்கத்தை மறு ஓரம் வரை தள்ளுவோமே, அப்படித்தான். உலோகத்துக்குள்ளும் சுருக்கம் ஓடும். செம்பும் நியோபியமும் சந்திக்கிற இடம் அந்தச் சுருக்கத்துக்குச் சுவர். அடிக்கு அடி சுவர் வைத்தால் சுருக்கம் எங்கே ஓடும்? தனிச் செம்பைக் கையால் வளைக்கலாம். நம் தகட்டை வளைக்கப் போய் நீ கட்டைவிரலைச் சுளுக்கிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும்.

நம் பந்தயம் பலத்தைப் பற்றி அல்ல, சூட்டைப் பற்றி. அவ்வளவு மெல்லிய அடுக்குகளைச் சூடாக்கினால் என்ன ஆகும்? அடுக்குகள் அறுந்து உருண்டை உருண்டையாகிவிடும், சுவர் இல்லாமல் போய் பலமும் போய்விடும் என்று நான் சொன்னேன். "போடா, அத்தனை தரம் உருட்டின பிறகு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகிப்போய் உக்காந்திருக்கும். சுட்டாலும் அசையாது" என்று நீ சொன்னாய். அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பி நிற்பதால் சந்திக்கிற இடம் நிலையாக இருக்கும் என்பது உன் கட்சி. தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. உன் மீசைக்கு நீ வைத்த எண்ணெயில் ஒரு வீட்டுக்குக் கறி சமைக்கலாம், எந்தத் தைரியத்தில் அதைப் பணயம் வைத்தாயோ தெரியவில்லை.

சோதிக்க நல்ல தகடு வேண்டும். நமக்கோ தகடு ஒவ்வொன்றாகப் பாழாகிக்கொண்டே போனது. முதல் தகட்டைப் பாழாக்கியது யார் என்று ஊருக்குச் சொல்லட்டுமா? சொல்லத்தான் போகிறேன்.

சரஸ்வதி பூசைக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பது போல, நம் லெப்பிலும் நீ உருளை மெஷினுக்குப் பொட்டு வைப்பாய். வை, யார் வேண்டாமென்றது? அந்த வருஷம் நான் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, தேய்த்துத் தயாராக இருந்த தகட்டின் நட்ட நடுவிலும் வைத்துவிட்டாய். கேட்டால், "வேலை செய்யிறது இவ. மெஷினுக்கு மட்டும் வெச்சா இவ கோவிச்சுக்க மாட்டாளா?" பிறகு அசிட்டோனால் துடைத்தாயாம். துடைத்தால் போகுமா? கைரேகை எண்ணெய் பட்டாலே ஒட்டாத வேலை இது. சூடாக்கியதும் தகட்டின் நடுவில் பூரி போலக் குமிழி எழும்பியது.

நான் கத்தினேன். கத்தினது சரிதான், இப்போதும் சொல்கிறேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "சரி மச்சான், இனி நடுவுல வெக்க மாட்டேன்" என்றாய். அந்தக் குரலில் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடைசித் தகடு நன்றாக வந்துகொண்டிருந்தது. நியோபியமும் அதோடு தீர்ந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து மறுபடி வரவழைப்பது லேசில்லை. பூசையன்று நான் அப்புத்தளையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன், நீ தனியாகவே ஒரு முறை உருட்டி முடித்தாய். ஓரம் வெட்டி அடுத்த முறைக்குப் போவதற்குள் மெஷினில் பேரிங் போனது. அதைச் சரிசெய்து முடிக்கும் முன்னால் மார்கழி மழையில் ஒரு விடியற்காலை உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட நீ வரவில்லை. என்ன அவசரம் உனக்கு? எல்லாவற்றுக்கும் பிந்தி வருகிறவன், இதற்கு மட்டும் ஏன் முந்திக்கொண்டாய்?

உன் மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு அமுதாவிடம் கொடுத்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி, குடை, ஸ்வெட்டர், அதோடு அந்தத் தகடும் போய்விட்டது. அவள் அதைச் சாமித்தட்டில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும் துடைப்பாள். அவள் துடைக்கிறபோதெல்லாம் கை எண்ணெய் படுகிறதா என்று நான் எட்டி எட்டிப் பார்ப்பேன்.

சில மாதம் போனதும் கேட்டேன். ஆராய்ச்சிக்கு முக்கியம், கட்டுரை எழுத வேண்டும், வேறு தகடு இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். "வெட்டுவீங்கதானே?" என்றாள். வெட்டாமல் எப்படி, இரண்டாக வெட்டித்தானே அடுக்க வேண்டும் என்றேன். "எங்கண்ணன் கை பட்ட கடைசிச் சாமான் அது. அதை வெட்ட நான் குடுக்க மாட்டேன்" என்றாள். அதோடு சரி. நியோபியம் என்று நீ சும்மாவா சொன்னாய்?

எனக்கும் கோபம் வந்தது. உன் மேல்தான் அதிகம் வந்தது. அவளிடமிருந்து அதைப் பிடுங்கவும் மனமில்லை, நீ சொன்னது சரியா தப்பா என்று தெரியாமலே விடவும் மனமில்லை. இந்த வருஷப் பூசைக்கு லெப்பில் படிக்கிற பிள்ளைகள் வந்து மெஷினுக்குப் பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். மெஷின் இந்த முறை வெறும் நெற்றியோடு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை.

உன் தலைத்திவசம் முடிந்து, லுணுகலையில் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த நாள். நல்ல தூறல். அமுதா வெளிக்கொடியில் நனைந்துபோன துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். மறுபடி தகட்டுப் பேச்சு வந்து, மறுபடி வாக்குவாதம். பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"அப்ப உங்கண்ணன் சொன்னது சரியா பிழையான்னு யாருக்கும் தெரியாமலே போகட்டும்!"

அவள் துணியோடு நின்றாள். "அண்ணன் என்னா சொன்னுச்சு?"

இத்தனை மாதம் அவளிடம் கட்டுரை, ஆராய்ச்சி என்று பேசியிருக்கிறேனே தவிர, பந்தயத்தைச் சொல்லவேயில்லை. நாம் மீசைக்குப் பந்தயம் கட்டினோம் என்று மனைவியிடம் சொல்வது என்ன பெருமையா? அன்றைக்குச் சொன்னேன். துணி எடுத்த கொடியைக் காட்டினேன். "பாரு, மழைத்தண்ணி கொடி நெடுக நூல் மாதிரி நிக்குதா? இல்ல. முத்து முத்தா திரண்டு போச்சு. சூடாக்கினா நம்ம அடுக்கும் இப்படித்தான் முத்து முத்தாப் போயிரும்னு நான் சொன்னேன். இல்ல, கோடு கோடாவே நிக்கும்னு உங்கண்ணன் சொன்னான்."

அவள் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அண்ணன் தோத்துருமா?"

"தோத்துருவான்னுதான் நான் சொல்றேன்."

அமுதா துணியை என் கையில் திணித்தாள். உள்ளே போனாள். தகட்டைக் கொண்டு வந்து அந்தத் துணிக்கு மேலேயே வைத்தாள்.

"வெட்டிப் பாருங்க. எங்கண்ணன் தோக்காது. ஆனா நானும் லெப்புக்கு வருவேன். நான் இல்லாம ஒரு துண்டு வெட்டக் கூடாது."

வந்தாள் மச்சான். தலைமுடியை வாரிக் கட்டி, கையுறை போட்டுக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது தகடு காய வைக்க நாம் பாவிக்கிற ஹேர் டிரையர்.

"ஏங்க, இது என்னோடதுதானே? கல்யாணத்துக்குச் சித்தி குடுத்தது! எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு அண்ணன் சொன்னுச்சே!"

"டிரையரை எலி இழுக்குமா அமுதா?"

"அண்ணன் சொன்னா நம்புவேன்தான். உங்களைக் கேட்டா உங்களுக்கும் தெரியாதுன்னீங்களே?"

பதுளைப் பனியில் தேய்த்த செம்பு மங்குவதற்குள் காய வைக்க வேறு வழி இல்லை என்று அவளுக்கு விளக்கிப் பார். நீ செய்த திருட்டுக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு தகட்டைக் கத்தரியில் வைத்தேன். உருட்டும்போது இரண்டு ஓரமும் வெடித்து வரும், அதை எப்போதும் விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிடுவோம். ஒரு பக்கத்து ஓரத்தை வெட்டினேன். கீழே கழிவுப் பெட்டியில் போடக் கையை நீட்டினேன்.

"அதைப் போடாதீங்க" என்றாள்.

"இது ஓரம் அமுதா. குப்பை."

"குடுங்க இங்க."

அவள் கையில் வாங்கும்போதே அந்தக் கீற்று வாய் பிளந்தது. ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு பாதியும் வாழைப்பட்டை போலப் பிரிந்து வந்தன. முழுத் தகடும் போய்விட்டதா என்று பதறினேன். அவள் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினாள். செம்பின் மேல் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கோடு. வட்டமாக வைத்தது, உருளையில் நசுங்கி நீண்டிருந்தது.

அமுதா அழவில்லை. மெதுவாகச் சொன்னாள். "ஒவ்வொரு வருஷமும் பூசைக்கு முந்தின நாள் என்கிட்ட வந்து சந்தனம் கேக்கும். மெஷினுக்கு ஒரு கிண்ணம், ஓரத்துக்கு ஒரு சொட்டுன்னு கேக்கும். என்ன ஓரம்னு நான் கேட்டதே இல்ல."

இனி நடுவில் வைக்க மாட்டேன் என்றாயே, படுபாவி! சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாய். எப்படியும் வெட்டி எறியப் போகிற இடமாகப் பார்த்து, என் ஆராய்ச்சிக்கும் பழுதில்லாமல், உன் சாமிக்கும் குறையில்லாமல் வைத்திருக்கிறாய். வருஷக்கணக்கில் யாரும் கொட்டாத கழிவுப் பெட்டியைக் கவிழ்த்துக் கிளறினேன். பழைய ஓரங்களில் இன்னும் இரண்டு பிளந்து கிடந்தன, இரண்டிலும் சிவப்பு. நான் என் கையாலேயே வெட்டி எறிந்தவை.

அந்தக் கோட்டை அளவுகோல் வைத்து அளந்தேன். சிரிக்காதே, பழக்கம். பொட்டு அகலத்தைப் போல நீளம் சரியாக இரண்டு மடங்கு. தகட்டைச் சரியாகப் பாதித் தடிமனுக்கு உருட்டியிருக்கிறாய், கொஞ்சமும் பிசகில்லை. அளவுகோலைக் கீழே வைத்தேன். மச்சான், இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவனிடம் எவ்வளவு கத்தியிருக்கிறேன், நீ ஒரு நாளாவது திருப்பிக் கத்தியிருக்கக் கூடாதா?

தகட்டின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்தேன், ஒளி காட்டிப் பார்த்தேன். எங்கும் பிரியவில்லை. அமுதா அந்தக் கீற்றின் இரண்டு பாதியையும் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஓரம் எனக்கு. நடு உங்களுக்கு" என்றாள். "வெட்டுங்க."

வெட்டினேன். அவள் டிரையர் பிடித்தாள். பிரஷ் போட்டேன், அடுக்கினேன், மூலையைக் கம்பியால் கட்டினேன், உருளைக்குள் விட்டேன். மறுபக்கம் சுடச்சுட வந்த தகட்டைக் கையுறையோடு வாங்கியது அவள்தான். "இவ்வளவு சூடாவா வரும்?" என்றாள். அடுத்தடுத்த முறைகளுக்கும் அவளே வந்தாள். ஓரம் வெட்ட வெட்டத் தகடு சிறிதாகிக்கொண்டே வந்தது, கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அதைக் காற்றில்லாத அடுப்பில் வைத்துச் சுட்டு, ஒரு சிறு துண்டை வெட்டி மெருகேற்றி எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப் நமக்குப் பதுளையில் ஏது?

திரையில் படம் தெளிகிற வரைக்கும் என் கை மீசையில்தான் இருந்தது. முதலில் வெறும் புகைச்சல். பிறகு கறுப்பும் வெள்ளையும். உருண்டையைத்தான் தேடினேன், உண்மையைச் சொல்கிறேன். இடம் மாற்றி மாற்றித் தேடினேன். அங்கேயே நின்று அமுதாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"முத்தா, கோடா?" என்றாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"கோடு."

"எல்லா இடமுமா?"

"பார்த்த இடமெல்லாம் கோடுதான். ஒண்ணு கூட அறுகல."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்.

"அப்ப, மீசை?"

நீ ஜெயித்துவிட்டாய் கணேசா. கண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்து எடுத்துவிட்டேன். எடுத்தவர் இரண்டு தடவை "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். இத்தனை வருஷமாகக் காற்றே படாத இடம், பதுளை வந்து இறங்கும்போது குளிர் அங்கேதான் முதலில் பிடித்தது. கதவைத் திறந்த அமுதா என் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், பிறகு முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே உன் படத்துப் பக்கம் திரும்பி, "அண்ணே, பாருண்ணே, செம்பை!" என்றாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வரும். அதில் பேச்சுக்கே இடமில்லை. நியோபியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், வந்ததும் புதுத் தகடு தொடங்குவோம். தகட்டின் ஓரத்தை நான் இனி பிளந்து பார்க்காமல் எறிய மாட்டேன்.

இன்னொன்று. வருகிற சரஸ்வதி பூசைக்கு அமுதா சந்தனம் அரைப்பாள், மெஷினுக்கு ஒரு கிண்ணம், ஓரத்துக்கு ஒரு சொட்டு. மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்றிய இதே கையால் தகட்டுக்குப் பொட்டு நான்தான் வைப்பேன். சத்தியமாக ஓரத்தில்தான் வைப்பேன் மச்சான். நடுவில் வைத்தால் கத்துவதற்கு நான் இருக்கிறேன். கத்தினால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கத்தான் ஆளில்லை.

மழுங்கச் சிரைத்த முகத்தோடு,
உன் தங்கச்சி புருஷன்,
அந்தோனி
பதுளை